சென்னையில் குடியிருப்புத் திட்ட அனுமதியின் வரலாறு

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவதற்கும், நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கும் முன்னதாகப் பெறவேண்டிய அரசு ஒப்புதல் திட்ட அனுமதி எனப்படும். இதற்குப் பொறுப்பான அமைப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மக்கள் வழக்கில் இது சி.எம்.டி.ஏ. என்றே அறியப்படுகிறது. வீட்டு மனை விளம்பரப் பலகைகளில் 'சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு' என்ற சொற்கள் விலையைவிடப் பெரிய எழுத்தில் இருப்பதைக் காணலாம். அந்தச் சொற்கள் எதற்கு உத்தரவாதம், எதற்கு உத்தரவாதம் இல்லை என்பது வீடு வாங்குவோர் பலருக்குத் தெரிவதில்லை.

குழுமம் ஒரு திட்டத்தைப் பரிசீலிக்கும்போது கேட்கும் கேள்விகள் ஒரே நாளில் உருவானவை அல்ல. காற்றும் வெளிச்சமும் போதுமா என்ற கேள்வி முதலில் வந்தது. தெருவின் அகலம், தீயணைப்பு வண்டி நுழையும் வழி, மழைநீர் போகும் இடம், கட்டடத்தின் உறுதி ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்னர் முக்கியத்துவம் பெற்றன. இவற்றுள் சில, உயிர்கள் பறிபோன பிறகே அழுத்தமாகக் கேட்கப்பட்டன.

தொடக்க காலம்

சென்னையில் நகரமைப்புச் சிந்தனை முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது. 1914-இல் ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் நகரமைப்பு அறிஞருமான பேட்ரிக் கெடிஸ் இங்கு வந்தார். அவர் காட்சிக்கு வைக்கவிருந்த நகரப் படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டன. அந்தக் கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசி, தமிழ்ப் பேச்சு வழக்கிலும் இடம்பிடித்த எம்டன்தான் அது. இங்கிலாந்திலிருந்து மாற்றுப் படங்கள் திரட்டி அனுப்பப்பட்டு, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

கெடிஸ் மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நேரான அகலச் சாலைக்காக வரிசை வரிசையாக வீடுகளை இடிப்பதை அவர் ஏற்கவில்லை. இருக்கும் ஊரைக் கூடுமானவரை காப்பாற்றி, தேவையான இடத்தில் மட்டும் திருத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடன் பணியாற்றிய எச். வி. லான்செஸ்டர் மாகாண அரசின் நகரமைப்பு ஆலோசகராக இருந்தார். இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நகரப் பகுதிக்குத் திட்டம் வகுத்து, அங்கு கட்டுவோரை அத்திட்டத்துக்கு உட்படுத்தும் அதிகாரம் இதனால் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. முந்தைய ஆண்டின் மாநகராட்சிச் சட்டமும் தனி வீடுகளின் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தியது.

இக்காலத்தின் பெரிய குடியிருப்புத் திட்டம் மாம்பலத்தில் உருவானது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நிலம் 1920-களில் மனைகளாக்கப்பட்டு, தியாகராய நகர் பிறந்தது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், மரங்கள் என அன்றைய நகரமைப்பின் சிறந்த கூறுகள் அதில் இருந்தன. ஏரி இருந்ததற்குச் சான்றாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு சாலையும் பெயரளவில் நிற்கின்றன. காற்றும் வெளிச்சமும் நிறைந்த தெருக்களைத் தந்த அத்திட்டம், ஏரிக்கு வந்துகொண்டிருந்த நீர் இனி எங்கே போகும் என்ற கேள்வியைப் பின்வரும் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்றது.

1971-ஆம் ஆண்டுச் சட்டமும் குழுமமும்

விடுதலைக்குப் பிறகு நகரம் மாநகராட்சி எல்லையைத் தாண்டி வளர்ந்தது. அம்பத்தூர், ஆவடி, தாம்பரம், ஆலந்தூர் என ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால் சாலையும் குடிநீரும் ஒருங்கிணையாது என்பது தெளிவானது. 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. 1972-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது. மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், 214 கிராமங்கள் என 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் எல்லைக்குள் வந்தது. மாநிலத்தின் பிற பகுதிகளை நகர் ஊரமைப்பு இயக்ககம் கவனித்தது.

முதல் முழுமைத் திட்டம் 1970-களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிற்சாலைக்கு, எது வேளாண்மைக்கு என்று அது வரையறுத்தது. அதனுடன் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள்தான் பரிசீலனையின் அடிப்படை ஆயின.

சட்டத்தின் 49-ஆவது பிரிவு, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் மூன்றைக் கருத வேண்டும் என்கிறது: அனுமதி எந்த நோக்கத்துக்காகக் கேட்கப்படுகிறது, அந்த நோக்கத்துக்கு அந்த இடம் பொருந்துமா, அப்பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அது ஒத்துவருமா. மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும்விட விரிவானது. நடைமுறையில் இதற்கே மிகக் குறைந்த கவனம் கிடைத்தது எனலாம்.

கோப்பு செல்லும் வழி

விண்ணப்பதாரர் முதலில் நிலம் தமக்கு உரியது என்பதைக் காட்ட வேண்டும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம் ஆகியவை இதற்குத் தேவைப்படும். பதிவுபெற்ற வல்லுநர் வரைந்த கட்டட வரைபடங்களும் இணைக்கப்படும்.

அலுவலகத்தில் முதலில் பார்க்கப்படுவது நிலப் பயன்பாடு. அந்தப் புல எண் முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக இல்லாவிட்டால், மறுவகைப்பாடு பெற்ற பிறகே கோப்பு நகரும். அடுத்தது சாலையின் அகலம். அதைப் பொறுத்தே உயரமும் பரப்பும் அமையும். பிறகு கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய பக்க இடைவெளி, வாகன நிறுத்துமிடம், தளப்பரப்புக் குறியீடு ஆகியவை சரிபார்க்கப்படும்.

தளப்பரப்புக் குறியீடு என்பது மனையின் பரப்புக்கும் எல்லா மாடிகளின் மொத்தப் பரப்புக்கும் உள்ள விகிதம். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. குறியீடு 1.5 என்றால் அந்த மனையில் 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800 சதுர அடி. நிலத்தின் விலை ஏறும்போது இந்தச் சிறிய எண்ணே கட்டுநரின் லாபத்தையும் வீட்டின் விலையையும் தீர்மானிக்கிறது. விதிமீறல்களில் பல இந்த எண்ணைத் தாண்டும் ஆசையில் பிறந்தவை.

பெரிய மனைப்பிரிவுகளில் பொதுவுக்கு நிலம் விடவேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். சாலைகளும் அவ்வாறே உள்ளாட்சிக்குப் போய்ச் சேரும். புறநகரின் பூங்காக்கள் பலவற்றின் பின்னால் இப்படியொரு பத்திரம் இருக்கிறது.

இடத்தைப் பார்வையிட்டு, உரிய கட்டணங்கள் செலுத்தப்பட்ட பிறகு திட்ட அனுமதி வழங்கப்படும். மறுத்தால் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். திட்ட அனுமதி கிடைத்தாலும் வேலையைத் தொடங்க உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் வேண்டும். இந்த இரட்டை ஏற்பாடு ஒரு நீண்டகாலக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமில்லாத ஊராட்சியின் கையெழுத்தை வைத்துக்கொண்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் ஏராளமான மனைகள் விற்கப்பட்டன.

உயரும் கட்டடங்கள்

அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடிகளுடன் நீண்டகாலம் சென்னையின் அடையாளமாக இருந்தது. 1975 ஜூலையில் அதில் ஏற்பட்ட பெருந்தீ, உயரமான கட்டடத்தில் தீயை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை நகரத்துக்குக் காட்டியது.

விதிகளில் நான்கு மாடிக்கு அல்லது ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேற்பட்டவை பன்னடுக்குக் கட்டடங்கள் என்று தனியே வகைப்படுத்தப்பட்டன. அவற்றைக் குழுமம் மட்டும் பார்ப்பதில்லை. போக்குவரத்துக் காவல், தீயணைப்புத் துறை, குடிநீர் வாரியம், மின்வாரியம், மாநகராட்சி ஆகியவற்றின் அலுவலர்கள் அடங்கிய குழு அவற்றைப் பரிசீலித்தது. தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றிவர இடம் உண்டா, வாகனங்கள் வெளியேறும் வழி சாலையை முடக்குமா, கழிவுநீர் எங்கே சேரும் என்ற கேள்விகள் அங்கே எழும். 2006 முதல், 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கட்டாயமானது.

விலக்கும் வரன்முறையும்

சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அரிதான நேர்வுகளுக்கென வைக்கப்பட்ட இந்த வாயில் அடிக்கடி திறக்கப்பட்டது. ஒருபுறம் வரைபடத்தில் நான்கு மாடி காட்டி ஆறு மாடி கட்டுவதும், வாகன நிறுத்துமிடத்தைக் கடைகளாக்குவதும் பெருகின. தியாகராய நகரின் கடைத்தெருக்கள் இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டுகள் ஆயின.

1998-இல் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அது வழிசெய்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சட்டப் பிரிவுகளை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், விலக்குகள் வழங்கப்பட்ட முறையைக் கடுமையாகக் கண்டித்தது. வரன்முறை என்பது ஒருமுறை மட்டும் அளிக்கும் சலுகை என்ற அடிப்படையில்தான் 113-ஏ ஏற்கப்பட்டது. ஆயினும் அதன் கால எல்லை சட்டத்திருத்தங்களால் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் செல்லாதவை என்று அறிவித்தது. 2012-இல் 113-சி என்ற புதிய பிரிவு வந்தது. இம்முறை எல்லை 2007 ஜூலை 1.

இதில் வில்லன், நல்லவன் என்று எளிதாகப் பிரிக்க இயலாது. விதிகள் கடினமாகவும் அனுமதி தாமதமாகவும் இருந்ததும் மீறலுக்கு ஒரு காரணம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கிய குடும்பத்துக்கு, மேல்மாடி வரைபடத்தில் இல்லை என்பது பல நேரங்களில் தெரியாது. இடித்தால் அவர்கள் தெருவில் நிற்பர். இடிக்காவிட்டால், விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளி ஆவார். அடுத்து கட்டுபவர் அந்தப் பாடத்தையே கற்றுக்கொள்வார். 2017 மே 31-இல் தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் தீப்பற்றி எரிந்து, பின்னர் இடிக்கப்பட வேண்டியதாயிற்று. அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலான மாடிகள் அதில் இருந்த செய்தி மீண்டும் பேசப்பட்டது.

மனைகளிலும் இதே கதை நடந்தது. 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. மாநிலம் முழுவதும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதத்தில், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின.

மௌலிவாக்கம்

2014 ஜூன் 28 மாலை, போரூருக்கு அருகிலுள்ள மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். அருகிலிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அந்தத் திட்டத்துக்கு அனுமதி இருந்தது. பக்க இடைவெளி, உயரம், பரப்பு ஆகியவை தாளில் பரிசீலிக்கப்பட்டிருந்தன. மண் எவ்வளவு சுமையைத் தாங்கும், தூணில் எவ்வளவு கம்பி வேண்டும் என்பவை அன்றைய நடைமுறையில் கட்டுநரும் அவருடைய பொறியாளரும் உறுதியளிக்க வேண்டிய செய்திகள். குழுமத்தின் முத்திரை கட்டடத்தின் உறுதிக்குச் சான்று அல்ல என்ற உண்மை அன்றுதான் பொதுமக்களுக்குப் புரிந்தது. 'அப்ரூவ்டு' என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மண் ஆய்வு, கட்டமைப்பு வடிவமைப்பு, கட்டும்போது செய்யும் ஆய்வு ஆகியவை அதன் பிறகு பரிசீலனையில் முன்னுக்கு வந்தன.

நீர் கேட்ட கேள்வி

2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்கடற்கரையின் நிலத்தடி நீர்ப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆகியவற்றில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே பல ஏரிகள் குடியிருப்புகளாகிவிட்டன. அவற்றுள் அரசின் திட்டங்களும் உண்டு. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயரே ஒரு குடியிருப்பு எங்கே எழுந்தது என்பதைச் சொல்லிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரைகளும் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளும் மூழ்கின. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் நகரமைப்புக் குறைபாடுகளையும் காரணங்களில் சேர்த்தது.

பரிசீலனையின் அடிப்படைக் குறை ஒன்று இங்கே வெளிப்பட்டது. நீர்நிலைக்கு அருகிலுள்ள இடம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். மனையை இவ்வளவு உயரத்துக்கு மண்ணிட்டு மேடாக்க வேண்டும் என்று அத்துறை நிபந்தனை விதிக்கும். அந்த மனைக்கு அது பாதுகாப்பு. ஆனால் அங்கே தேங்கிய நீர் பக்கத்து மனைக்குச் செல்லும். பத்துத் திட்டங்கள் தனித்தனியாக விதிப்படி மேடானால், நடுவிலுள்ள பழைய தெரு குளமாகும். ஒவ்வொரு கோப்பும் சரியாக இருந்தும் ஊர் மூழ்கக்கூடும். 49-ஆவது பிரிவின் மூன்றாவது கேள்வி இதைத்தான் கேட்டது. எஞ்சிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

2019 விதிகளும் பின்னரும்

2019 பிப்ரவரியில் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. உயரமான கட்டடம் என்பதன் தொடக்க அளவு 18.3 மீட்டர் ஆனது. தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடங்களுக்கு 2 ஆகவும் உயரமானவற்றுக்கு 3.25 ஆகவும் அமைந்தது. விதிக்குள் கூடுதலாகக் கட்ட இடம் கிடைத்தால் மீறல் குறையும் என்பது இதற்கான காரணங்களில் ஒன்று. சிறிய வீடுகள் நீங்கலாக மற்றவற்றுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் இன்றி மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் கிடைக்காது. வரைபடத்தோடு நின்றுவிடாமல், எழுந்த கட்டடத்தையும் பார்க்கச் செய்யும் ஏற்பாடு இது.

2022 அக்டோபரில் பெருநகர்ப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2024 ஜூலையில் தற்சான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், விதிகளைப் பின்பற்றுவதாகத் தாமே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். சிறிய வீடுகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அலுவலர்களின் நேரம் பெரிய திட்டங்களுக்குக் கிடைக்கவும் இது உதவக்கூடும்.

மதிப்பீடு

நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கோரும்போது நாளேட்டில் அறிவிப்பு வெளியிட்டு மக்களின் கருத்து கேட்கப்படுகிறது. ஆனால் குடியிருப்புப் பகுதியில் பல மாடிக் கட்டடம் எழும்போது, அதே தெருவில் வாழ்வோரிடம் பொதுவாக எதுவும் கேட்கப்படுவதில்லை. எந்தப் பக்கம் மழைநீர் ஓடும், கோடையில் எந்தக் கிணறு வற்றும் என்பதைக் கோப்பைவிட நன்கு அறிந்தவர்கள் அவர்கள்.

தாளமுத்து நடராசன் மாளிகையில் இயங்கும் குழுமத்தின் அரை நூற்றாண்டு அனுபவம் தெளிவாகக் காட்டுவது ஒன்றுண்டு. ஓர் அனுமதியின் மதிப்பு, அதை வழங்கிய நாளில் பார்க்கப்பட்ட வரைபடத்தை மட்டும் சார்ந்ததில்லை. கட்டும் காலத்தில் யார் போய்ப் பார்த்தார்கள், மீறியபோது என்ன நடந்தது, பக்கத்து மனைகளோடு சேர்த்து அந்த இடம் எண்ணிப் பார்க்கப்பட்டதா என்பவற்றையும் சார்ந்தது. வீடு வாங்குவோர் திட்ட அனுமதி எண்ணுடன், ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் பணி நிறைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, கட்டி முடிந்த மாடிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.